கப்பல் அறைக்கே காலைப் பலகாரம் வரவழைக்கலாமா? அம்மா அப்பாவோடு முதல் பயணம்

குறுக்குத்துறை பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு திருச்சியில் விமானம் ஏறி சிங்கப்பூர் போகிறேன். அங்கிருந்து நாலு ராத்திரி கப்பல், பினாங்கும் புக்கெட்டும் போய்த் திரும்புவது. அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66. தூத்துக்குடி கடற்கரையில் நின்று தூரத்தில் சரக்குக் கப்பலைப் பார்த்ததோடு சரி, இரண்டு பேரும் கப்பலில் கால் வைத்ததில்லை.

என் கவலையெல்லாம் காலை நேரத்தைப் பற்றித்தான். அப்பாவுக்குச் சர்க்கரை, காலையில் இன்சுலின் ஊசி போட்டு ஏழரைக்குள் சாப்பிட்டாக வேண்டும். முட்டி வலி வேறு, தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்க முடியாது. அம்மா நாலரைக்கே எழுந்துவிடுவாள், ஆனால் குளித்துத் திருநீறு பூசாமல் காபிகூடக் குடிக்க மாட்டாள். சைவம், முட்டை கலந்த பண்டம் என்று தெரிந்தால் கையாலும் தொட மாட்டாள். மேல்தளத்து பஃபேயில் காலையில் ஆனித் தேரோட்டக் கூட்டம் என்கிறார்கள். அறைக்கே பலகாரம் வரவழைக்கலாம் என்று கேள்விப்பட்டேன். எப்படிச் சொல்வது, தனியாகக் காசு உண்டா, சூடாக வருமா, சைவம் ஒழுங்காக வருமா? அம்மாவிடம் சொன்னதற்கு, "நமக்கு என்ன நோயா நொடியா, ஒருத்தர் தூக்கிக்கிட்டு வந்து ரூம்ல தரணுமா" என்று ஒரே பிடிவாதம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அம்பை அக்கா:

தங்கச்சி, நான் இருப்பதே சிங்கப்பூரில்தான், மூன்று தடவை கப்பல் போயிருக்கிறேன், ஒரு தடவை மாமனார் மாமியாரோடு. தாராளமாக வரவழைக்கலாம். அறைக்குள் போனதும் மேசை மேலோ இழுப்பறையிலோ நீளமான ஒரு அட்டை இருக்கும், கதவுக் கைப்பிடியில் மாட்டுவதற்கு மேலே ஓட்டை போட்டிருப்பார்கள். அறை எண், எத்தனை பேர், எந்த அரைமணி நேரத்துக்குள் வர வேண்டும், என்னென்ன வேண்டும் என்று குறித்து, ராத்திரி படுக்கும்முன் கதவுக்கு வெளியே மாட்டிவிட வேண்டும். எத்தனை மணிக்குள் மாட்ட வேண்டும் என்று அட்டையிலேயே போட்டிருக்கும். சில கப்பல்களில் இப்போது அட்டையே கிடையாது, டிவியிலோ கைப்பேசிச் செயலியிலோதான் சொல்ல வேண்டும். அட்டை கண்ணில் படவில்லை என்றால் அறையைச் சுத்தம் செய்பவரிடம் முதல் நாளே கேட்டுவிடு.

காசு விஷயம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. நான் போனது ராயல் கரீபியன். அதில் கான்டினென்டல் என்கிற குளிர்ந்த பலகாரம், அதாவது ரொட்டி, க்ரோசான்ட், கார்ன்ஃபிளேக்ஸ், பால், பழம், தயிர், ஜூஸ், காபி, இதெல்லாம் இலவசம். முட்டை, ஆம்லெட் மாதிரி சூடாகச் சமைத்தது எதையாவது சேர்த்தால் நான் போனபோது ஒரு ஆர்டருக்கு 7.95 டாலர், அதன் மேல் 18 சதவீதம் சேவைத்தொகை, ஆக 9 டாலர் 38 சென்ட். ஒரு தட்டுக்கு அல்ல, ஒரு ஆர்டருக்கு, அதனால் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே அட்டையில் எழுது. சிங்கப்பூரில் ஏறினாலும் கணக்கு அமெரிக்க டாலரில்தான். கையில் ரொக்கம் கேட்க மாட்டார்கள், அறைச் சாவி அட்டையின் கணக்கில் ஏறிவிடும். நீ போகும் கப்பலில் எப்படி என்று ஏறுவதற்கு முன் ஒரு தடவை கேட்டுக்கொள்.

டவுண் அண்ணாச்சி:

நான் இதில் மாறுபடுகிறேன் அம்மா, கோபித்துக்கொள்ளாதே. அறைக்கு வருவது என்ன? ரொட்டியும் வெண்ணெயும். நாங்கள் போன கப்பலில் நம்மாட்கள் நிறையப் பேர் ஏறியிருந்ததால் மேலே பஃபேயில் இட்லி, சாம்பார், உப்புமா எல்லாம் ஆவி பறக்க இருந்தது, அறை அட்டையில் அதில் ஒன்றுகூடக் கிடையாது. எழுபது வயதுவரை இட்லியும் மிளகாய்ப்பொடியுமாகச் சாப்பிட்டுப் பழகிய வயிற்றுக்குக் காலையில் காய்ந்த ரொட்டியைக் கொடுத்தால் அவர் நாலு நாளும் அரைவயிறாகத்தான் இருப்பார்.

கூட்டம் எட்டரைக்குத்தான். கதவு திறக்கிற நேரத்துக்கே போய்விட்டால் ஈ காக்கை இருக்காது. கண்ணாடி ஓரமாக அப்பாவை உட்கார வைத்துவிட்டு நீ போய் எடுத்து வா. இல்லை, அவரால் முடியாத நாளில் நீ மட்டும் மேலே போய்த் தட்டில் எடுத்து மூடி அறைக்குக் கொண்டுவா, நான் அப்படிக் கொண்டுவந்தபோது யாரும் தடுத்ததில்லை. இவ்வளவு செலவழித்துப் போவது கடலைப் பார்க்கத்தானே, அறைக்குள் முடங்குவதற்கா?

குறுக்குத்துறை பொண்ணு:

அண்ணாச்சி, கோபமெல்லாம் இல்லை, இட்லி இருக்கும் என்று நீங்கள் சொன்னதே எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அப்பாவை அதிகாலையில் கிளப்பி லிஃப்டுக்குக் காத்திருந்து கூட்டிப்போவதற்குள் ஊசி நேரம் தள்ளிப்போய்விடும், அதுதான் பயம்.

உவரிக்காரன்:

நான் ஏழு வருசம் பயணிகள் கப்பலில் வேலை பார்த்தவன், அதில் இரண்டு ஒப்பந்தம் முழுக்க ரூம் சர்வீஸ். எங்கள் கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் கப்பலில் இருப்பார். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அட்டையை எப்படி எழுதுவது என்பது தானே விளங்கும், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ராத்திரி கெடு முடிந்ததும் ஒவ்வொரு தளமாக நடந்து கைப்பிடியில் தொங்கும் அட்டைகளைச் சேகரிப்போம். பெரிய கப்பல் என்றால் நாலாயிரம் பயணிகளுக்கு மேல், அட்டையே கட்டுக்கட்டாக வரும். அதை நேர வாரியாகவும் தளவாரியாகவும் பிரித்து அடுக்கி, விடிவதற்கு முன்பே ட்ரே போட ஆரம்பித்துவிடுவோம். ரொட்டி, ஜாம், பழம், குவளை எல்லாம் முதலில், காபியும் சூடான தட்டும் கிளம்புகிற நிமிடத்தில். ஏழரையிலிருந்து எட்டரை வரைதான் உயிர் போகிற நேரம், பாதிக் கப்பல் அந்த ஒரு மணி நேரத்தைத்தான் குறித்திருக்கும். ஆறரையிலிருந்து ஏழு என்று குறியுங்கள், அல்லது அட்டையில் இருக்கிற முதல் நேரத்தை. அப்போது ட்ரே சரியாகவும் வரும், சூடாகவும் வரும், கொண்டுவருகிறவனுக்கும் மூச்சு விட நேரம் இருக்கும்.

அடுத்தது, டிக் போடாதீர்கள், எண் போடுங்கள். மூன்று பேர் அறையில் காபிக்கு நேராக ஒரு டிக் இருந்தால் ஒன்றா மூன்றா என்று எனக்கு எப்படித் தெரியும்? அறை எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். 1 என்பதை 7 மாதிரி எழுதியதால் அடுத்த அறைக்காரரைத் தூக்கத்தில் எழுப்பி அவர் வாயில் விழுந்த அனுபவம் எனக்கு உண்டு. அட்டையைச் சாயங்காலமே மாட்டாதீர்கள், நடைபாதையில் ஓடுகிற பிள்ளைகள் சில நேரம் உருவிக்கொண்டு போய்விடும். படுக்கப் போகும்போது மாட்டினால் போதும்.

சைவம் பற்றி. "வெஜிடேரியன்" என்று மட்டும் எழுதினால் வெளிநாட்டு அடுக்களையில் முட்டையும் அதற்குள் அடங்கும். மஃபினில் முட்டை இருக்கும், பேன்கேக்கில் இருக்கும், க்ரோசான்ட் மேலே பளபளப்புக்கு முட்டையைத்தான் தடவுவார்கள். அம்மாவுக்குச் சாதா ரொட்டி, வெண்ணெய், ஜாம், பழம், கார்ன்ஃபிளேக்ஸ், பால் போதும் என்றால் பிரச்சினையே இல்லை. ஓட்ஸ் கஞ்சி அட்டையில் இருந்தால் எழுதுங்கள், பால் ஊற்றியா தண்ணீரிலா என்பதையும் சேர்த்து. ஆறாமல் தாங்குவது அந்தக் கஞ்சியும் ஃபிளாஸ்க் காபியும்தான். டோஸ்ட் பாதி வழியிலேயே தோல் மாதிரி ஆகிவிடும், அதை நம்பாதீர்கள். டவுண் அண்ணாச்சி சொன்னதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

கடைசியாக உங்கள் அம்மா சொன்னதற்கு. அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். தூக்கிக்கொண்டு வருவது எங்களுக்கு ஒருநாளும் பாரமாக இருந்ததில்லை, அந்தச் சம்பளத்தில்தான் என் தங்கச்சி கல்யாணம் நடந்தது, வீட்டுக்கு மாடி ஏறியது. ஆறு மாதம், எட்டு மாதம், ஒரு நாள் லீவு கிடையாது, அப்படி இருக்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது வேறு. கதவைக் கால்வாசி திறந்து முகத்தைப் பார்க்காமல் ட்ரேயை வாங்கிக்கொண்டு சாத்துவார்கள் பாருங்கள், அது. ஒரு அம்மா இருந்தார்கள், மங்களூர்ப் பக்கம், ஐந்து நாளும் கதவைத் திறந்து "நீ சாப்பிட்டாயா" என்று கேட்டுவிட்டுத்தான் ட்ரேயை வாங்கினார்கள். பன்னிரண்டு வருசம் ஆச்சு, அவர்கள் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஹைகிரவுண்ட் நர்ஸ்:

மேலே எல்லாரும் சொன்னது சரி, ஊசி விஷயத்தை மட்டும் நான் அழுத்திச் சொல்லுகிறேன். ட்ரே மேசைக்கு வந்து, மூடியைத் திறந்து, சாப்பாடு இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் இன்சுலின். "ஆறரைக்கு வந்துவிடும்" என்று நம்பி ஆறேகாலுக்கே போட்டுவிட்டு, ட்ரே ஏழேகாலுக்கு வந்தால் சர்க்கரை இறங்கிவிடும். வார்டில் இப்படி வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தவர்கள். அப்பாவுக்கு என்ன வகை இன்சுலின் என்பதைப் பொறுத்து எத்தனை நிமிடம் முன்னால் என்பது மாறும், அதனால் கிளம்புவதற்கு முன் அவருடைய டாக்டரிடம், "சாப்பாடு அரைமணி முன்னே பின்னே ஆகலாம், என்ன செய்ய" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டில் பக்கத்தில் குளுக்கோஸ் பொட்டலம், பிஸ்கட், மீட்டர் மூன்றும் இருக்கட்டும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் என்றால் குத்திப் பாருங்கள், 70க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. இன்சுலினைப் பெட்டியில் போட்டு சாமான்களோடு அனுப்பாதீர்கள், கைப்பையில் இருக்க வேண்டும். திறந்த இன்சுலின் ஊசிப் பேனாவைக் குளிரூட்டிய அறையில் வெளியே வைத்தாலே போதும், அறையில் இருக்கும் சின்னக் குளிர்பெட்டி சில சமயம் ஒழுங்காகக் குளிராது, சில சமயம் உறையவைத்துவிடும்.

தட்டில் என்ன என்பதும் முக்கியம். ஜூஸ், ஜாம், மஃபின், கார்ன்ஃபிளேக்ஸ் நாலும் சேர்ந்தால் சர்க்கரை எகிறும். அப்பா முட்டை சாப்பிடுவார் என்றால் அவருக்கு வேகவைத்த முட்டையோ ஆம்லெட்டோ, கோதுமை ரொட்டி, இனிப்பில்லாத தயிர். அந்த 9 டாலரை இதற்குக் கொடுப்பதில் தப்பே இல்லை. அப்புறம், ட்ரே வந்ததும் கையை சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள். கப்பலில் பரவுகிற வாந்திபேதிக் கிருமி நோரோவைரஸ், அது கைக்குத் தடவுகிற திரவத்துக்குச் சரியாக அடங்காது.

தென்காசிச் சாரல்:

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நாங்கள் இதில் மாட்டிக்கொண்டோம். தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால். நாங்கள் போன கப்பலில் கடிகாரத்தை மாற்றவில்லை, சிங்கப்பூர் நேரமே கப்பல் நேரம். ஆனால் புக்கெட் பக்கம் நெருங்கியதும் கைப்பேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்குப் போய்விட்டது. ஏழு மணி என்று அட்டையில் குறித்திருந்தோம், போனைப் பார்த்தால் ஆறு, யாரோ கதவைத் தட்டுகிறார்கள், அத்தை குளியலறையில், மாமா வேட்டியைத் தேடுகிறார், நான் பாதித் தூக்கத்தில் "இப்போ வேண்டாம்" என்று அனுப்பிவிட்டேன். மறுபடி போன் செய்து கேட்டதற்கு ட்ரே வர எட்டரை ஆகிவிட்டது, கரைக்குப் போகிற படகுக்கு டோக்கன் வாங்குகிற நேரமும் போனது. சில கப்பல்களில் ராத்திரியோடு ராத்திரியாகக் கடிகாரத்தை மாற்றுவார்களாம், முதல் நாளே கேட்டுவிடுங்கள். போனில் தானாக நேரம் மாறுவதை நிறுத்திவிட்டு, சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உவரிக்காரன்:

இது மிக முக்கியமான விஷயம் மதினி, நான் சொல்ல விட்டுவிட்டேன். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் கரையைத் தொடாது, பட்டோங் பக்கம் கடலிலேயே நங்கூரம் போட்டுச் சின்னப் படகில்தான் கரைக்கு அனுப்புவார்கள். அன்றைக்குக் காலையில் பஃபேயில் நிற்கவே இடம் இருக்காது. நாலு நாளில் ஒரு நாள் மட்டும்தான் அறைக்கு வரவழைப்பேன் என்றால் அந்த நாளாக இருக்கட்டும்.

வள்ளியூர் தம்பி:

அண்ணே, ட்ரே கொண்டுவருகிறவருக்குத் தனியாக ஏதாவது கொடுக்க வேண்டுமா? அந்த 18 சதவீதத்திலேயே வந்துவிட்டதா?

உவரிக்காரன்:

கட்டாயம் இல்லை தம்பி. இலவசப் பலகாரத்துக்கு அந்த 18 சதவீதம் கிடையாது, அதனால் ஒன்றோ இரண்டோ டாலர் கையில் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள். இல்லாவிட்டாலும் குறைவாக நினைக்க மாட்டார்கள். சாப்பிட்ட பிறகு ட்ரேயை நடைபாதையில் வைக்காதே, அந்த வழியில்தான் சக்கர நாற்காலி போக வேண்டும், ஆபத்து நேரத்தில் ஆட்கள் ஓட வேண்டும். உள்ளே மேசையிலேயே விட்டுவிடு, அறை சுத்தம் செய்ய வருகிறவர் எடுத்துக்கொள்வார்.

குறுக்குத்துறை பொண்ணு:

இன்னும் ஒரே ஒரு கேள்வி, அம்மா காபிக்கு என்ன செய்ய? கெட்டில் கொண்டுபோகலாமா?

அம்பை அக்கா:

கெட்டில், தண்ணீர் சுடவைக்கிற காயில், இஸ்திரிப் பெட்டி எதையும் எடுக்காதே. சூடாக்குகிற சாமான் எதுவானாலும் தீப்பிடிக்கும் என்று ஏறும்போதே வாங்கிவைத்துவிட்டு இறங்கும்போதுதான் தருவார்கள். அங்கே காபி என்றால் தண்ணீராக இருக்கிற கடுங்காபி, கூடவே சின்னக் கிண்ணத்தில் ஆறின க்ரீம். அதனால் அட்டையில் கீழே காலி இடத்தில் "ஹாட் மில்க்" என்று தனியாக எழுது, எண்ணோடு. ஊரிலிருந்து இன்ஸ்டன்ட் காபித்தூள் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கொண்டுவா, சூடான பாலில் ஒன்றைக் கலக்கினால் கிட்டத்தட்ட வீட்டுக் காபி. மிளகாய்ப்பொடியும் பாக்கெட் போட்டு ஒட்டியதாகவே கொண்டுவா. மசாலாப் பொடி எதிலும் கசகசா இருக்கக் கூடாது, சிங்கப்பூரில் அது தடை செய்த பொருள். இறங்கும்போது ட்ரேயில் மிச்சம் இருந்த வாழைப்பழத்தைப் பைக்குள் போடாதே, கரையில் பழத்தைப் பிடிப்பார்கள்.

குறுக்குத்துறை பொண்ணு:

போய்விட்டு முந்தாநாள்தான் வந்தோம். எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்ததும் எழுதுகிறேன்.

முதல் நாள் காலை அண்ணாச்சி சொன்னபடி பஃபே. இட்லி இருந்தது, அப்பா மூன்று சாப்பிட்டார். ஆனால் லிஃப்டுக்கு நின்று, உட்கார இடம் பிடித்து, ஊசி போடும்போது ஏழே முக்கால் ஆகிவிட்டது, அப்பா முகம் வாடிப்போனதைப் பார்த்து அம்மாவே, "நாளைக்கு அந்த அட்டையை எழுது" என்று சொல்லிவிட்டாள். அடுத்த இரண்டு நாளும் அறையில்தான். புக்கெட் அன்றைக்கு ஆறு முப்பத்தைந்துக்குத் தட்டினார்கள், ட்ரேயோடு கிளம்புவதற்கு முன் போன் செய்தும் சொன்னார்கள். அம்மா அதற்குள் குளித்துத் திருநீறு பூசித் தயாராக இருந்தாள், கதவை அவள்தான் திறந்தாள். கொண்டுவந்தவர் பிலிப்பைன்ஸ் தம்பி. உவரி அண்ணன் எழுதியதை நான் படித்துக் காட்டியிருந்தேன், அவள் எனக்கு முன்னால் முந்திக்கொண்டு, தமிழிலேயே "சாப்ட்டியாப்பா" என்று கையால் சைகை காட்டிக் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். பால்கனியில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று தூக்கிப்போனோம், காற்றில் காகிதக் கைக்குட்டை பறந்துவிட்டது, உள்ளே கண்ணாடிக் கதவு ஓரமாக உட்கார்ந்தோம். தீவு தெரிந்தது, வானம் அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. அப்பா ஆம்லெட்டைப் பிட்டு வாயில் வைத்துக்கொண்டு, "மணிமுத்தாறு அணை மேலே நின்ன மாதிரி இருக்கு" என்றார்.

ஆம்லெட் கொஞ்சம் ஆறித்தான் இருந்தது. சூடான பால் முதல் நாள் வரவில்லை, இரண்டாம் நாள் வந்தது. கடைசி நாள் காலையில் அறைக்குச் சாப்பாடு கிடையாது என்று முந்தின நாள் சொல்லிவிட்டார்கள், அதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு பஃபேதான்.

வள்ளியூர் தம்பி:

அக்கா, அட்டையில் என்ன எழுதினீர்கள் என்று அப்படியே போடுங்களேன், நாங்கள் டிசம்பரில் ஆச்சியைக் கூட்டிப்போகிறோம்.

குறுக்குத்துறை பொண்ணு:

இதோ தம்பி, இரண்டாம் நாள் அட்டை, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதியது. நேரம் ஆறரை முதல் ஏழு, கப்பல் நேரம். ஆட்கள் 3. காபி பெரிய ஃபிளாஸ்க் 1. ஓட்ஸ் கஞ்சி தண்ணீரில் 1, ஆம்லெட் 1, கோதுமை ரொட்டி 4, சாதா ரொட்டி 4, வெண்ணெய் 4, இனிப்பில்லாத தயிர் 2, வாழைப்பழம் 2, தர்ப்பூசணி 1. கீழே காலி இடத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி: ஒருவருக்கு முட்டை சேர்ந்த எதுவும் வேண்டாம், தனித் தட்டில் வையுங்கள். ஒருவருக்குச் சர்க்கரை நோய், தயவுசெய்து நேரத்துக்கு வாருங்கள். அதற்கும் கீழே, ஹாட் மில்க் 3. அதில் 3 என்பதை அம்மா என் கையிலிருந்த பேனாவை வாங்கி இன்னொரு தடவை அழுத்தி எழுதினாள்.